வேதாளைக்கு ஒரு டிக்கெட்

உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகும் பேருந்தில் வேதாளைக்கு டிக்கெட் கேட்டால், நடத்துனர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிழித்துக் கொடுக்கிறார். ராமேஸ்வரம் போகிற கூட்டத்தில் இங்கே இறங்குகிற வெளியூர்க்காரர்கள் குறைவு. பனைகள், பள்ளிவாசல், மணலில் ஏற்றி வைத்த வள்ளங்கள், அப்பால் மன்னார் வளைகுடா.

1549இல் இந்தக் கரையில்தான் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் மறைசாட்சி. ராமேஸ்வரம் போகும் யாத்ரீகர்களிடம் போர்த்துக்கீசியர் வரி பிடுங்கியதில் மூண்ட பகை அது. தெலுங்கு பேசிய வடுகர் படை வந்தபோது பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றிவிட்டு அவர் கரையில் நின்றுவிட்டார். வரி வாங்கியவன் ஒருவன், செத்தவர் இன்னொருவர்.

என்னை இங்கே இழுத்து வந்தது அவர் பிறந்த ஊர். பார்மாவுக்குப் பக்கத்திலுள்ள சிஸ்ஸா. அங்கிருந்து போ ஆற்றைக் கடந்தால் ஒரு நாள் நடையில் கிரெமோனா. கிரிமினாலி இங்கே முத்துக்குளிப்போர் பிள்ளைகளுக்குத் தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்த காலத்தில், அந்த ஊரில் ஆந்திரேயா அமாத்தி பட்டறை வைத்திருந்தார். வயலினுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர்களில் முன்வரிசைக்காரர் அவர். பாதிரியார் இறந்த இரண்டாம் ஆண்டு, ரோமில் புனித பேதுரு பேராலயப் பாடகர் குழு இசையமைப்பாளர் பாலஸ்திரீனாவின் கைக்கு வந்தது. ஐரோப்பிய இசை இன்றைய கச்சேரி மேடையை நோக்கி நடக்கத் தொடங்கிய நேரம். கிரெமோனாவின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நம் மணலில் விழுந்து கிடக்கிறார். கடலைப் பார்த்துக்கொண்டு இதை யோசித்தால் தலை சுற்றத்தான் செய்கிறது.

அமாத்தியின் அந்த வயலின் தென்பாண்டிச் சீமைக்கு வந்து சேர ஏறக்குறைய 275 ஆண்டு ஆனது. வந்ததும் பாதிரியார் வழியில் அல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்று, 1824இல் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். வெள்ளைக்காரன் நின்றுகொண்டு வாசித்ததை நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச‑ப‑ச‑ப என்று கூட்டிக்கொண்டோம். பெட்டியில் ஒரு மரத்துண்டைக்கூட மாற்றவில்லை. கமகம் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. இதைவிடச் சாமர்த்தியமான இறக்குமதி எனக்குத் தெரிந்து இல்லை.

அண்ணன் முத்துசுவாமியோ மேற்கத்திய மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். கோட்டை பாண்டு வாசித்த இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சியாமளையைப் பாடினார். இந்த ராமநாதபுரத்துப் பாடகர் ஸ்ரீனிவாச ஐயங்காரின் ('பூச்சி' என்றால்தான் தெரியும்) குரு பட்ணம் சுப்பிரமணிய ஐயர். கதனகுதூகல ராகத்தில் 'ரகுவம்ஸ சுதாம்புதி' செய்த அவருக்கும் மேற்கத்திய இசையின் துள்ளல் பிடித்திருந்தது.

ராமேஸ்வரம் போகிறவர்கள் வேதாளையில் ஒரு மணி நேரம் இறங்கிக்கொள்ளுங்கள். முத்துசுவாமி தீட்சிதர் ராமேஸ்வரத்து ராமநாதர் மேல் பாடிய 'ராமநாதம் பஜேஹம்' வயலினில் கிடைக்கும். அடுத்த பேருந்து வரும்வரை கேளுங்கள்.