தறிக்குழியில் தண்ணீர்

அப்பா இறந்தது புரட்டாசிக் கடைசியில். தறியில் மூன்று புடவைக்கான பாவு ஏறியிருந்தது. ஒன்றரைப் புடவை நெய்திருந்தார், மீதி அப்படியே நின்றது. கருமாதி முடிந்த வாரமே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

பாவு எங்களுடையது அல்ல, சங்கம் கொடுத்தது. அங்கிருந்து வந்தவர், "உறுப்பினர் இல்லாததால பாவை அறுத்துக் கொடுத்துடுங்க" என்றார். "நானே நெய்து தரேன்" என்றாள் அம்மா. "உங்க பேர்ல அட்டை இல்லையேம்மா" என்றார் அவர். நெடுநேரம் பேசித் தை வரை அவகாசம் வாங்கினோம்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்துகொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊடை இழையிலும் இரண்டு நிறமும் ஒன்றையொன்று கவ்வியபடிதான் புடவை வளரும். அந்த இன்னொருவர் எங்கள் வீட்டில் முப்பத்து நான்கு வருடம் அம்மாதான். இரண்டு பேர் நெய்த புடவைக்குக் கூலிப் புத்தகத்தில் ஒரு பெயர். அம்மா செய்ததற்குப் பெயர் 'கூடமாட உதவி'.

மழைக்காலத்தில் தறியைக் காப்பதும் அந்த உதவியில் சேர்ந்ததுதான். குழித்தறிக்குத் தண்ணீர் வாசல் வழியாக வர வேண்டியதில்லை. நிலத்தடி நீர் ஏறினால் குழியின் அடியிலிருந்தே ஊறும். 2015 வெள்ளத்தில் எங்கள் குழி நிரம்பி மிதிகள் மிதந்தன. அம்மா விடிய விடிய வாளியால் இறைத்தாள். இறைத்த பின் மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டி, இரும்புச் சட்டியில் கரி நெருப்பு வைத்தாள். நெருப்பு கிட்டே இருந்தால் பட்டு கருகும், எட்ட இருந்தால் ஈரம் போகாது. அந்தத் தூரம் அம்மாவின் கைக்குத்தான் தெரியும்.

ஈரத்தில் பட்டிழை தளர்கிறது. சரிகை கறுக்கிறது. மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியின் அட்டைகள் ஊதி வளைந்தால் துளையில் ஊசி சரியாக இறங்காது, பூ மாறிவிடும். கொக்கிகளும் அச்சின் கம்பிகளும் துருப்பிடித்தால் கறை நேராகப் பட்டில் இறங்கும். அதனால் துணியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். இரண்டாவது சொட்டு கீழே விழுந்தால் புடவை போயிற்று.

அந்த நாட்களில் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஏழடி அகலமே கொண்ட நீண்ட படகுகள். அந்தப் பழைய படகுகளை இன்றும் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்துக்கு முன் எஞ்சினில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். உறைந்தால் விரிந்து இரும்பையே பிளந்துவிடும். இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போதாதபோது, 1942 முதல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்தப் படகுகளை ஓட்டவைத்தார்கள். லண்டனிலிருந்து பர்மிங்காம் வரை சரக்கு கொண்டுபோனார்கள், திரும்புகையில் நிலக்கரி ஏற்றினார்கள். உள்நாட்டு நீர்வழி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளான 'ஐ', 'டபிள்யூ' அவர்களது சட்டைச் சின்னத்தில் இருந்தன. அதை 'ஐடில் விமன்', அதாவது சும்மா இருக்கும் பெண்கள், என்று கேலியாக விரித்தார்கள். அந்தப் பெயரே அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. என் முனைவர் பட்ட விண்ணப்பம் வரை ஒவ்வொரு படிவத்திலும் தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியவள் நான்தான். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை.

தம்பி குழியை மூடி டைல்ஸ் போட்டு அறையை வாடகைக்கு விடலாம் என்றான். அவன் கணக்கு தப்பில்லை, அப்பாவின் வைத்தியக் கடன் இருந்தது. அம்மா, "பாவு முடியட்டும்டா" என்று மட்டும் சொன்னாள்.

கார்த்திகையில் மழை விட்டதும் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தாள். "நீ கரை நாடா எறியறியாம்மா?" என்று என்னிடம் கேட்டாள். கல்லூரிக்குப் போகும் முன் விடிகாலையில் இரண்டு மணி நேரம், விடுமுறையில் நாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வாரம் என்னால் கரை கோணியது. அவிழ்த்து நெய்தோம். பிறந்ததிலிருந்து கேட்ட தறிச் சத்தத்தில் அம்மாவின் பங்கு எது என்று அப்போதுதான் எனக்குப் பிரிந்து கேட்டது.

போகிக்கு முன்தினம் இரண்டாவது புடவையையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். விரித்துப் பார்த்தார்கள். ஈரக்கறை இல்லை, துரு இல்லை. கூலியை அப்பாவின் பெயருக்கு எதிரே வரவு வைத்தார்கள். "அவரு நெய்யலையே" என்றாள் அம்மா. கணக்கர் தலைநிமிரவில்லை. "புத்தகத்துல அந்தப் பேருதாம்மா இருக்கு."

அம்மா உறுப்பினர் விண்ணப்பம் கேட்டாள். அங்கேயே சுவரில் வைத்து நிரப்பினேன். தொழில் என்ற இடம் வந்ததும் அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நெசவாளி' என்று எழுதினேன். அனுபவம்: 34 ஆண்டுகள்.

பதில் இன்னும் வரவில்லை. கடன் பாதி இருக்கிறது, தம்பி மாதம் ஒருமுறை டைல்ஸ் பேச்சை எடுக்கிறான். அம்மா குழியை மூடவிடவில்லை. வரும் ஐப்பசிக்கென்று ஒரு மூட்டை கரியும் சலித்த மணலும் திண்ணையோரம் சேர்த்து வைத்திருக்கிறாள்.