மணலில் ஆடிப் பாருங்கள்!

ஆபீஸ் வேலையாக டாக்கர் போனவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் கிடைத்தது.

"அசல் ஆப்பிரிக்க டான்ஸ் பார்க்கணுமே!" என்றேன் ஓட்டல் வரவேற்பில்.

"துபாப் ஜாலாவ் போங்க. அங்கே ஒரு டான்ஸ் பள்ளிக்கூடம் இருக்கு!"

செனகல் தலைநகரிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். கடலோர மீனவ கிராமம். ஏழு பேர் ஏறுகிற பழைய பெஜோ டாக்ஸியில் ஏழாவது ஆள் அடியேன். முழங்கால் தாடையை இடிக்க, மனசுக்குள் சினிமா ஓடியது. இறகுத் தொப்பி, ஈட்டி, நடுவில் தீ, சுற்றி 'ஜிங்காலோ'!

பள்ளியின் பெயரே 'மணல் பள்ளிக்கூடம்'தான். பிரெஞ்சில் 'எகோல் தே சாப்ல்'. 1998-ல் இதைத் தொடங்கியவர்கள் ஜெர்மெய்ன் அகோன்யியும் அவர் கணவர் ஹெல்முட் ஃபோக்ட்டும். அம்மணி 1944-ல் பெனினில் பிறந்து செனகலில் வளர்ந்தவர். நவீன ஆப்பிரிக்க நடனத்தின் தாய் என்கிறார்கள். 2021-ல் வெனிஸ் விழாவில் வாழ்நாள் சாதனைக்காகத் தங்கச் சிங்கம் வாங்கியவர்.

அவருடைய பாடத்தில் முதுகெலும்புதான் உயிர் மரம். மார்பு சூரியன், பின்புறம் நிலா. (என் நிலா பத்து வருஷமாக ஆபீஸ் நாற்காலியில் அழுந்தி, வளர்பிறையாகவே இருக்கிறது!)

அன்றைக்கு இளைஞர்கள் தங்கள் சோதனை முயற்சிகளை ஆடிக் காட்டினார்கள். பக்கச்சுவர் இல்லாத பெரிய கூடம். தரை முழுக்க மணல். ஒரு கையில் குச்சி, இன்னொரு கை வெறுங்கை என்று 'சபார்' மேளக்காரர் பொரிந்து தள்ளினார்.

ஒரு பையன் மஞ்சள் பிளாஸ்டிக் கேனோடு வந்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

'தம்பி ஸ்டெப்பை மறந்துட்டான் போல!'

மேளம் குதிரைப் பாய்ச்சலில் போக, அவன் முதுகு மட்டும் மெல்ல நெளிந்தது. திடீரென்று கேனைத் தலைக்கு மேல் கவிழ்த்தான். தண்ணீர் இல்லை... மணல்! தொண்டை வறண்டவன்போல் அதை அண்ணாந்து பார்த்தான். மேளம் சட்டென்று நின்றது. அவன் மூச்சும் கடல் அலையும் மட்டும் கேட்டன. எனக்கு எங்கள் தெருவில் தண்ணி லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் முகங்கள் ஞாபகம் வந்தன. ஈட்டி, இறகு எல்லாம் எங்கே போயிற்றோ!

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தம்பி, உங்க பாரம்பரிய டான்ஸ் ஆடலையே?"

சிரித்தான். உடைந்த இங்கிலீஷில் கேட்டான்: "நீங்க இந்தியாதானே? ஒரு ஹிந்திப் பட டான்ஸ் ஆடுங்களேன்!"

செனகலில் ஹிந்திப் படத்துக்கு ரசிகர்கள் ஏராளம்.

"எனக்கு ஆட வராதுப்பா."

"இந்தியர்னா ஆடுவீங்களே?"

சுருக்கென்றது. நான் கேட்டதும் அதே கேள்விதானே!

அப்புறம் கடற்கரைக்கு அழைத்துப் போய் ஒரு கதை சொன்னார்கள். ஜெர்மன் நடனமேதை பினா பௌஷ், ரஷ்யரான ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்கு 1975-ல் ஒரு நடனம் அமைத்தார். மேடையில் மண் பரப்பி ஆட வேண்டியது. அதை ஆட 14 ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து 38 பேர் இங்கே ஒத்திகை பார்த்தார்கள். 2020 மார்ச்சில் டாக்கரில் அரங்கேற்றம். குறுக்கே வந்தது கொரோனா! நிகழ்ச்சி ரத்து. ஊருக்குக் கலைவதற்கு முன், அந்தி வெளிச்சத்தில் இந்தக் கடற்கரையிலேயே ஆடித் தீர்த்தார்கள். எதிரே கேமராதான். மேடை கிடைத்தது 2021 செப்டம்பரில், மாட்ரிட்டில்.

ஜெர்மன் நடனம், ரஷ்ய இசை, ஆப்பிரிக்க உடம்பு. 'இது உங்க பாரம்பரியமா?' என்று கேட்க அந்த மணலில் ஆளில்லை.

ஊர் திரும்பியதும் ஆபீஸ் நண்பன் கேட்டான்: "என்னப்பா, ஆப்பிரிக்க டான்ஸ் பார்த்தியா?"

"ஒரு பையனோட டான்ஸ் பார்த்தேன். அவங்கதான் இந்திய டான்ஸ் பார்த்தாங்க!"

ஆமாம், ஆடினேன். ரெண்டே ஸ்டெப். மணலில் கால் புதைந்து குப்புற விழுந்தேன். கைத்தட்டல் பலம்!