ஆட்டத்தின் கணக்கு

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலை தொடங்கும் இடத்தில் இருக்கிறது அமிர்தி. அருவிக்கும் உயிரியல் பூங்காவுக்கும் ஆட்கள் வரும் இந்தப் பக்கத்துக்கு நான் வந்தது பறை அடிப்பவர்களின் வேலையைப் பார்க்க. செவ்வியல் வடிவத்தையும் மக்கள் ஆடும் தாளத்தையும் சேர்த்து ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுத நினைப்பவர்கள் கற்க வேண்டிய பாடம் இந்த வேலைக்குள் இருக்கிறது. முதலில் தீ மூட்டுகிறார்கள். தோலை அனலில் காட்டி, விரலால் தட்டிக் கேட்டு, மறுபடி காட்டுகிறார்கள். ஈரக்காற்றில் தொய்ந்த தோல் விறைக்க விறைக்க, மந்தமாக இருந்த ஒலி கணீரென்று எழுகிறது. ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி. அடிக்குச்சி காலுக்கு அழுத்தம் கொடுக்கிறது; சிண்டு இடைவெளிகளை நிரப்புகிறது. முன்னால் நிற்பவர் ஆடுகிறவரின் காலைப் பார்த்து அடியை மாற்றுகிறார்; மற்றவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எங்கே வேகம் ஏற வேண்டும், எதைத் திரும்பச் சொல்ல வேண்டும், எங்கே அறுத்து நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழுவுக்குள் ஊறிய கணக்கு. இதையும் இசை வடிவம் என்றே சொல்வேன்.

கலப்பிசை பெரும்பாலும் தோற்பது இங்கேதான். வயலின் கூட்டத்துக்கு எழுதி முடித்தபின் மேலே கொஞ்சம் பறையைத் தூவினால் அது அலங்காரமாகவே நின்றுவிடும். ஆட்டத்தின் கணக்கு படைப்பின் வடிவத்தைத் தீர்மானிக்கும்போதுதான் இரண்டும் ஒன்றாகின்றன. ஐரோப்பியச் செவ்வியல் இசைக்கே இது பழக்கமானது. பாக்கின் தொகுப்புகளில் வரும் கவோட், மினுவெட், ஜீக் எல்லாம் நடனங்கள். மினுவெட் பின்னர் ஹேடனின் சிம்பொனிகளில் ஒரு பகுதியாகவே அமர்ந்தது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்தாண்டார். அந்த பார்ட்டிட்டாவும் நடனங்களின் கோவைதான். 1991-இல் ‘தளபதி’க்காக அவர் அமைத்த ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டை இதற்கு ஆகச் சிறந்த சான்றாக வைப்பேன். ஆட்டப் பாட்டுக்கு நடுவே தந்திக் கருவிகளின் பெரும் ஓட்டம் வருகிறது, அப்பரின் தேவாரம் வருகிறது. ஒன்றையும் ஒட்டவைத்ததாகத் தோன்றுவதில்லை. மெக்சிகோவின் அர்துரோ மார்க்கெஸ் 1994-இல் எழுதிய ‘டான்சோன் எண் 2’-லும் மரக்கட்டைத் தாளம் தொடக்கத்திலேயே நிலைகொள்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் அதைச் சுற்றியே வளர்கிறது.

எழுதிவைத்த ஸ்வரத்தாளில் பறையின் உயிர் போய்விடும், ஆடுபவரைப் பார்த்து மாறுவதை எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். ஞாயமான கேள்வி. ஆனால் மொசார்ட் காலத்தில் கான்செர்ட்டோக்களில் தனி வாசிப்பாளர் தன் கற்பனையில் வாசிக்க இடம் விட்டிருந்தார்கள். அப்படி ஒரு இடத்தைப் பறைக்கும் விடலாம். திரும்பி வரும் அடியை மட்டும் இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டால் போதும். இதைவிடக் கடினமானது தோலின் சிக்கல். குளிரூட்டிய அரங்கில் தோல் தொய்யும், அங்கே தீ மூட்டவும் முடியாது. செயற்கைத் தோல் இந்தத் தொல்லை இல்லாதது, ஆனால் அடியின் கனம் குறைகிறது. அரங்குக்கு வெளியே காய்ச்சிய பறைகளை மாற்றி மாற்றி உள்ளே கொண்டுவர நேரம் ஒதுக்கி எழுதுவதும் இசையமைப்பாளரின் வேலைதான். செவ்வியல் வடிவத்தின் தரம் இதனால் தாழும் என்ற வாதத்தை என்னால் ஏற்கவே முடியாது. தாழ்வு தாளத்தில் இல்லை. இந்தக் கருவியைச் சாவுக்கும் சாதிக்கும் கட்டிப்போட்ட நம் சமூகத்தில் இருக்கிறது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகப் பாடியவருக்கு அந்த அரங்கு திறந்திருக்கிறது. பறைக்காரர்களுக்கும் அது திறக்க வேண்டும். ஒரு மாலைக்கு அழைத்துக் கடைசியில் அடிக்கவைத்து அனுப்பும் விருந்தாளிகளாக அல்ல. வயலின்காரருக்குத் தரும் அதே ஊதியம், நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொருவரின் பெயர், எழுதத் தொடங்கும்போதே கூட உட்காரும் உரிமை ஆகியவை வேண்டும். முதல் ஒத்திகையே அவர்களோடு நடந்தால், எந்த அடி எங்கே அறுபட வேண்டும் என்பதை இசையமைப்பாளருக்கு அவர்களே காட்டிவிடுவார்கள்.