தூக்கி எறிந்த காகிதங்களைத் தேடி... யார்க் முதல் ஆக்ஸ்ஃபோர்டு வரை!

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் யார்க் வந்துவிடும். பழைய கோட்டை மதில், வானளாவிய மின்ஸ்டர் தேவாலயம், இரண்டு பேர் கை நீட்டினால் எதிரெதிர் வீடுகளைத் தொட்டுவிடலாம் போலிருக்கும் குறுகிய தெருக்கள் என்று, வருகிறவர்களை வசீகரிக்கும் ஊர். ஒரு காலத்தில் சிறைச்சாலையாக இருந்த கட்டடங்களில் இங்கே ‘கேஸில் மியூசியம்’ இயங்குகிறது. அதன் சேகரிப்பில் ஒரு சின்னக் காகிதம் பத்திரமாக இருக்கிறது. இன்று உலகில் மிஞ்சியிருக்கும் அச்சிட்ட காதலர் தின வாழ்த்துகளில் மிகப் பழையது அதுதான் என்று கருதப்படுகிறது.

அச்சான ஆண்டு 1797. அச்சிட்டவர் லண்டனைச் சேர்ந்த ஜான் ஃபேர்பர்ன். மன்மதன், புறாக்கள், பூக்கள்... எல்லாம் அச்சிட்ட பிறகு கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. லேஸ் துணி போலத் தெரிவதற்காக ஓரங்களில் பொடிப்பொடியாகத் துளைகள்.

சுவாரஸ்யம் உள்ளே இருக்கும் கையெழுத்தில்தான். கேத்தரின் மோஸ்டே என்ற பெண், லண்டன் கென்ட் ரோடு பகுதியில் வசித்த மிஸ்டர் பிரவுனுக்கு எழுதியது. பலமுறை வரச் சொல்லியும் அவர் வரவில்லை, ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று தொடங்குகிறார். முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, வரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வர வேண்டும் என்று முடிக்கிறார். காதல் என்ற வார்த்தையையே அவர் தன் கைப்பட எழுதவில்லை. ஆனால், படிக்கிறவர்களுக்கு மனசு கனத்துப் போகிறது. மிஸ்டர் பிரவுன் அந்த ஞாயிறு போனாரா? அட்டை பதில் சொல்லாது. அவர் அதைக் கிழித்துப் போடவில்லை என்பது மட்டும் தெரிகிறது!

ஒரு நாள் வாழ்வு

இந்த மாதிரிக் காகிதங்களுக்கு ஆங்கிலேயர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘எஃபெமெரா’. ஒரு நாள் மட்டுமே இருப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஈசலின் வாழ்க்கை போல. வாழ்த்து அட்டை, கடை விளம்பரச் சீட்டு, ரசீது, நாடக டிக்கெட், சோப்பு உறை, ரயில் கால அட்டவணை என வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டிய எல்லாமே இதில் அடக்கம்.

யார்க் மியூசியம் உருவானதும் இப்படிப்பட்ட பொருள்களால்தான். பக்கத்திலுள்ள பிக்கரிங் என்ற சிற்றூரின் டாக்டர் ஜான் கிர்க், மறைந்துகொண்டிருந்த அன்றாடப் பொருள்களைச் சேகரித்தவர். சில நோயாளிகளிடம் ஃபீஸுக்குப் பதிலாகவே பழைய பொருள்களை வாங்கிக்கொண்டார். அவருடைய சேகரிப்பைக் கொண்டு 1938-ல் இந்த மியூசியம் திறக்கப்பட்டது. உள்ளே நிஜ அளவில் ஒரு விக்டோரியா காலத் தெருவே அமைத்திருக்கிறார்கள்.

காதலர் தின வாழ்த்துகள் சேகரிப்பவர்களுக்கு 1840 முக்கியமான ஆண்டு. அதற்கு முன்பு தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுத் தபால் கட்டணம் வாங்கினார்கள். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். ரோலண்ட் ஹில்லின் சீர்திருத்தத்துக்குப் பிறகு, அரை அவுன்ஸ் கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குப் போனது. வாழ்த்து அட்டைத் தொழில் பிய்த்துக்கொண்டு ஓடியது. காகித லேஸ், பட்டுத் துணி, இறகு எல்லாம் ஒட்டிய அட்டைகள் வந்தன. யூஜின் ரிம்மல் என்ற வாசனைத் திரவிய வியாபாரி மணக்கும் வாழ்த்துகளையே விற்றார்.

கூடவே ‘வினிகர் வாலன்டைன்’ என்று ஒரு குறும்பும் பிறந்தது. பிடிக்காதவர்களின் மூக்கையும் கஞ்சத்தனத்தையும் கிண்டலடிக்கும் மலிவுத் தாள். அனுப்பியவர் பெயர் இருக்காது. இன்று அழகான லேஸ் அட்டைகளைவிட இவை கிடைப்பதுதான் அரிது. தன்னைத் திட்டி வந்த கடிதத்தை யார் பெட்டியில் பூட்டி வைப்பார்கள்?

கதவிலக்கம் இல்லாத லண்டன்

யார்க்கிலிருந்து லண்டன் திரும்பினால், பிரிட்டிஷ் மியூசியத்தில் அடுத்த புதையல். வணிகர்கள் தங்கள் கடைக்காக அச்சடித்துக் கொடுத்த ‘டிரேட் கார்டு’கள். பெயர்தான் கார்டு. 18-ம் நூற்றாண்டில் பெரும்பாலும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட மெல்லிய தாள்கள். கடைக்காரர் அதன் பின்பக்கத்திலேயே பில் எழுதிக் கொடுப்பதும் உண்டு. சில சீட்டுகள் பிழைத்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

1760-கள் வரை லண்டன் வீடுகளுக்குப் பொதுவாகக் கதவிலக்கம் கிடையாது. எந்தக் கடை என்பதைத் தொங்கும் பலகையின் படம்தான் சொல்லும். ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் தங்கைகள் மேரி, ஆன் இருவரும் துணிக்கடை நடத்தினார்கள். அண்ணன் செதுக்கியதாகக் கருதப்படும் அவர்களுடைய கடைச் சீட்டு, பழைய மூலைக் கடையிலிருந்து லிட்டில் பிரிட்டன் வாசலை ஒட்டிய ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ பலகைக்கு இடம் மாறியதைச் சொல்கிறது. பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து என்று வழி சொல்வது போலத்தான்!

சரித்திரப் புத்தகங்கள் அரசர்களையும் தளபதிகளையும் பேசிக்கொண்டிருந்தபோது, ஊரில் கடை வைத்துப் பிழைத்த பெண்களின் பெயர்கள் இந்தச் சீட்டுகளில் இருந்தன. கணவர் இறந்த பிறகு தொழிலைத் தொடர்ந்த விதவைகளும், கூட்டாகக் கடை போட்ட சகோதரிகளும் இன்று ஆய்வாளர்களுக்குத் தெரியவருவதற்கு இவையும் முக்கியமான காரணம்.

இவற்றைக் காப்பாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஒரு பெண். தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்க்ஸின் தங்கை சாரா சோஃபியா பேங்க்ஸ் (1744-1818). சோஹோ சதுக்கத்தில் அண்ணன் வீட்டில் வசித்தார். உடையின் இரு பக்கமும் பெரிய பைகள் வைத்து, அவை பிதுங்கப் பிதுங்கப் புத்தகங்களோடு நடப்பாராம். பார்த்தவர்கள் வியந்து நின்றார்கள். அவர் சேர்த்த கடைச் சீட்டுகள், விசிட்டிங் கார்டுகள், நுழைவுச் சீட்டுகள் எல்லாம் சுமார் 20,000. அவர் மறைந்ததும் அண்ணன் அவற்றை மியூசியத்துக்குக் கொடுத்தார். பிறகு, மரச்சாமான் கடை அதிபர் ஆம்ப்ரோஸ் ஹீலின் பெரும் சேகரிப்பும் 1959-ல் அங்கே சேர்ந்தது.

பார்ப்பது மட்டும் போதாது, வாங்கவும் வேண்டும் என்றால் ‘செசில் கோர்ட்’ போகலாம். சேரிங் கிராஸ் ரோட்டையும் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனையும் இணைக்கும் சின்னச் சந்து. விக்டோரியா காலக் கடை முகப்புகள், பழைய புத்தகங்கள், வரைபடங்கள், அச்சுப் படங்கள். 1764-ல் எட்டு வயதுச் சிறுவன் மோசார்ட் குடும்பத்தோடு லண்டன் வந்தபோது, இந்தச் சந்தில் ஒரு முடிதிருத்துபவரின் வீட்டில்தான் தங்கினான். அவனுடைய கச்சேரி டிக்கெட்டுகள் இங்கேயே விற்கப்பட்டன. அன்று கசக்கி எறிந்தவர்களை நினைத்தால் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு வயிறு எரியும்!

இங்கிலாந்தில் அச்சாகி இந்தியாவுக்கே வந்த எஃபெமெராவும் உண்டு. மான்செஸ்டர் ஆலைத் துணிகளின் மேல் ஒட்டிய வண்ண லேபிள்கள் அவை. எழுத்துத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துத் துணியை அடையாளம் கண்டுகொள்வார் என்பது வியாபாரிகளின் கணக்கு. கிருஷ்ணரும் லட்சுமியும் யானையும் புலியும் அப்படித்தான் கப்பலேறி வந்தார்கள். துணி கிழிந்துபோனது. லேபிளைச் சிலர் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள்.

எகிப்தில் கிடைத்த யோசனை

பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு. பிராட் ஸ்ட்ரீட்டிலுள்ள வெஸ்டன் நூலகம், புகழ்பெற்ற போட்லியன் நூலகத்தின் ஒரு பகுதி. இங்கே இருப்பது ஜான் ஜான்சன் சேகரிப்பு.

ஜான்சன் (1882-1956) இளம் வயதில் எகிப்தில் பாபிரஸ் சுவடிகளைத் தேடி அகழாய்வு செய்தவர். பழங்காலத்துக் குப்பை மேடுகளைத் தோண்டினால், அன்றைய மக்கள் எறிந்த கணக்குகளும் கடிதங்களும் கிடைத்தன. உலகமே அவற்றைக் கொண்டாடியது. அப்படியானால் நம் காலத்துக் குப்பையை நாமே ஏன் பத்திரப்படுத்தக் கூடாது என்று தோன்றியது அவருக்கு. 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமை அச்சாளரானார். சேகரிப்பும் அங்கேயே வளர்ந்தது. போட்லியன் நூலகமே தனக்கு வேண்டாம் என்று நினைத்த சில காகிதங்களை 1930-களில் அவரிடம் தள்ளிவிட்டது. 1968-ல் மொத்தச் சேகரிப்பும் அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தது, மரியாதையோடு!

சுமார் 700 தலைப்புகளில், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். இரண்டாம் உலகப் போரில் பழைய தாள்களை எல்லாம் மறுசுழற்சிக்குக் கொடுக்கச் சொல்லி அரசு கேட்டது. மக்கள் வீடு வீடாக அள்ளிக் கொடுத்தார்கள். அதன் பிறகு இவற்றின் மதிப்பு இன்னும் கூடியது.

வெஸ்டன் நூலகத்தின் முன்கூடத்துக்கும் கண்காட்சிக்கும் கட்டணம் இல்லை. தாள்களைக் கையில் எடுத்துப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட அறையிலும் முன்பதிவு செய்துகொண்டால் இலவசமாகப் பார்க்கலாம். போக முடியாதவர்கள் இரண்டு இடங்களின் சேகரிப்புகளிலும் ஒரு பகுதியை போனிலேயே புரட்டலாம்.

சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் விதிகள் எளிமையானவை. செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். அமிலம் இல்லாத தாளுக்குள், வெயில் படாமல் வையுங்கள். கிடைத்த நாளையும் இடத்தையும் பின்பக்கம் பென்சிலால் குறித்துவிடுங்கள். சாரா பேங்க்ஸ் தம் சீட்டுகளில் தேதி எழுதி வைத்ததால்தான், அவற்றின் காலம் இன்று தெரிகிறது.

கேத்தரின் காலத்துக் காகிதம் பழந்துணியை ஊற வைத்து, கூழாக்கிச் செய்தது. அதனால்தான் இவ்வளவு காலம் தாங்கியது. பிறகு வந்த மரக்கூழ்க் காகிதம் அமிலத்தால் பழுத்து நொறுங்குகிறது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் தரும் பில் இன்னும் மோசம். வெப்பத்தால் எழுத்து விழும் தாள் என்பதால், சில வருடங்களிலேயே வெறும் வெள்ளையாகிவிடுகிறது. குழந்தை பிறந்த அன்று இனிப்பு வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்த நினைப்பவர்கள், அதை இன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைப்பது நல்லது.