டக் டக் இறால்

கும்பிடுபூச்சி தெரியும்தானே? முன்னங்கால் இரண்டையும் மடக்கி சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். அதே மாதிரி கையை மடக்கி வைத்திருப்பதால் ஒரு கடல் பிராணிக்கு மேன்டிஸ் இறால் என்று பெயர் வந்துவிட்டது. நிஜத்தில் பூச்சியும் இல்லை, இறாலும் இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான்.

இதில் இரண்டு கோஷ்டி. மணலில் குழி தோண்டி ஒளிந்திருந்து, முள் வைத்த கையால் மீனைக் குத்திப் பிடிப்பது ஒன்று. பாறைப் பொந்தில் குடியிருந்து, குண்டாந்தடி மாதிரி இருக்கிற கையால் நத்தை, நண்டு ஓட்டை அடித்து உடைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது ஆள்தான் நம்ம ஹீரோ. 2004இல் ஷீலா பேட்டெக் குழுவினர் மயில் மேன்டிஸ் அடிப்பதை அதிவேக கேமராவில் படம் பிடித்தார்கள். நொடிக்கு 23 மீட்டர் வரை வேகம்! மணிக்கு 80 கி.மீ.க்கு மேல், அதுவும் தண்ணீருக்குள். அந்த வேகத்தில் தண்ணீரில் குமிழி உண்டாகி உடனே உடைகிறது. அந்த அதிர்ச்சி இரண்டாவது அடி மாதிரி. தசைக்கு மட்டும் இவ்வளவு வேகம் வராது. வில்லை இழுத்துப் பிடித்து விடுகிற கதைதான். கையில் சேணம் போல ஒரு துண்டு வளைந்து சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது.

சரி, தொட்டி மேட்டருக்கு வருவோம். கடல்மீன் தொட்டி வைப்பவர்கள் கடலில் எடுத்த கல்லை வாங்கிப் போடுவார்கள். அதன் பொந்தில் டிக்கெட் எடுக்காமல் ஒரு குட்டி மேன்டிஸ் வந்து சேரும். சிங்கப்பூரில் என் சித்தப்பா தொட்டியிலும் இதேதான். ராத்திரி ஆனால் "டக், டக்". காலையில் பார்த்தால் உடைந்த நத்தை ஓடு. அடுத்த வாரம் நண்டைக் காணோம். கல்லை வெளியே எடுத்து, பொந்துக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள் அவர் நண்பர்கள். சித்தி கெட்டிலையே போட்டுவிட்டார்!

எனக்கு அநியாயமாகப் பட்டது. நத்தை உடைப்பது அதன் பிழைப்பு. கடலில் இருந்ததைக் கொண்டுவந்து, நத்தையோடு அடைத்துப் போட்டது நாம். "சித்தப்பா, அந்தச் சின்னத் தொட்டி சும்மாதானே கிடக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, கல்லோடு அங்கே மாற்றினார்.

தனியாக வைத்தால் இது ஒன்றும் பெரிய தொல்லை இல்லை. முதலில் பொந்து வேண்டும். பொந்து இல்லாத மேன்டிஸ் நிம்மதியில்லாமல் அலையும். உடைந்த கல் துண்டுகள் போட்டால் அதுவே இழுத்துப்போய் வாசலைக் குறுக்கிக்கொள்ளும் (பார்க்கவே ஜோராக இருக்கும்). ஓட்டோடு நத்தையோ நண்டோ கொடுங்கள், கைக்கு வேலை வேண்டுமே. செம்பு கலந்த மீன் மருந்து கூடவே கூடாது, செத்துவிடும். தொட்டிக்குள் விரலை விடாதீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'கட்டைவிரல் பிளப்பான்' என்று அர்த்தம் வருகிற பட்டப்பெயரே உண்டு :-)

எல்லாரும் பயப்படுவது ஒரு இடத்தில்தான். திடீரென்று வாசலை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் வெளியே வராது. செத்துவிட்டது என்று கல்லைக் கிளறுவார்கள், சிலர் தூக்கியே போட்டுவிடுவார்கள். அது தோல் உரிக்கிறது! புது ஓடு இறுகும்வரை அடிக்க முடியாது. 1983இல் ஸ்டீகர், கால்ட்வெல் இருவரும் எழுதியது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோல் உரித்த மேன்டிஸ், பொந்தைப் பிடிக்க வருகிற ஆளிடம் கையை விரித்து மிரட்டுமாம். அடிக்கவே முடியாது, வெறும் உதார்! வந்தவன் ரொம்பப் பெரியவன் என்றால் ஓடிவிடும்.

எங்கள் ஆள் ஒன்பதாவது நாள் வாசல் கல்லைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தார். அன்றைக்கே நத்தையைப் போட்டுவிடாதீர்கள், கை இறுக இன்னும் சில நாள் ஆகும். அதுவரை சின்னத் துண்டு இறால் சதை போதும்.