மலையாய் நிற்கும் மஞ்சட்சோறு

சாவகத் தீவினர் விழாச் சோற்றை இலையில் பரப்புவதில்லை, மலைபோல் நிறுத்துகின்றனர். மூங்கில் முறத்தில் வாழையிலை விரித்து, நடுவே கூம்பாக நிமிர்ந்து நிற்கும் அச்சோற்றுக்குத் 'தும்பெங்' என்று பெயர். மகிழ்ச்சிக்குரிய நாளாயின் அது பெரும்பாலும் மஞ்சட்சோறாகவே இருக்கும். அதனை 'நாசி கூனிங்' என்பர். 2014இல் இந்தோனேசிய அரசு தும்பெங்கை நாட்டு உணவின் அடையாளமாக முன்னிறுத்தியது.

ஏன் மலை? எரிமலைச் சாம்பல் செழிப்பித்த மண்ணில் நெல் விளைவிக்கும் மக்கள் அவர்கள். தீவின் உயர்ந்த சிகரமான செமேரு 3,676 மீட்டர் உயரமுடையது. தேவர்கள் மேருவைப் பாரதத்திலிருந்து பெயர்த்துவந்து சாவகத்தில் வைத்தனர் என்று 'தந்து பங்கெலாரன்' என்னும் பழைய சாவக நூல் கதை சொல்லும்.

சமையலுக்கு வருவோம். இதில் கடினமானது மஞ்சளன்று, ஈரத்தின் அளவே. தேங்காய்ப்பாலில் மஞ்சட்கிழங்கின் சாறும் உப்பும் சேர்த்து, எலுமிச்சம்புல்லைத் தட்டிப் போட்டு, ரம்பையிலையும் இட்டுக் கொதிக்கவைப்பர். ஊறிய அரிசி அப்பாலை முற்றும் உறிஞ்சும்வரை கிளறி, அரைவேக்காட்டில் இறக்கி, 'குக்குசான்' எனப்படும் கூம்புவடிவ மூங்கிற்கூடையில் இட்டு ஆவியில் வேகவைப்பர். பால் மிகுந்தால் மலை சரியும், குறைந்தால் உதிரும். நம் வீட்டிலும் இதனைச் சமைப்பதுண்டு. குக்குசானுக்கு ஈடாக இட்லிப்பானையும் துணியுமே போதும். வாழையிலையைச் சுருட்டி ஈர்க்குச்சி குத்தி, சூடு ஆறுமுன் சோற்றை அழுத்தி நிரப்பிக் கவிழ்த்துவிட வேண்டும். ஆறிய சோறு ஒட்டாது.

சுற்றிலும் நெத்திலி வறுவல், முட்டை, தேங்காய்த்துருவலில் பிசறிய 'உராப்' என்னும் கீரைகாய்க் கலவை, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் 'தெம்பே' முதலியன அடுக்கப்பெறும். துணைக்கறி ஏழு வேண்டும் என்பது வழக்கு; சாவக மொழியில் ஏழினைக் குறிக்கும் 'பித்து', உதவி எனப் பொருள்படும் 'பித்துலுங்கான்' என்னும் சொல்லை நினைவூட்டுகிறதாம். இத்தகைய சடங்குகளில் இடம்பெறும் 'அப்பெம்' என்னும் பணியாரத்தின் பெயரோ நம் அப்பமேதான்!

இச்சோறு நடுநாயகமாக விளங்கும் கூட்டுணவுச் சடங்கு 'சிலாமத்தான்'. அமெரிக்க மானிடவியலறிஞர் கிளிஃபர்டு கீர்ட்சு 1960இல் வெளியிட்ட சாவகச் சமயம் பற்றிய நூலில் இதனை விரிவாக வரைந்துள்ளார். அண்டை வீட்டு ஆடவர் கூடிப் பாயில் அமர்வர். அரபு மொழியில் இறைவேண்டல் நிகழும். சில நிமிடம் உண்டபின் எஞ்சியதை இலையில் பொதிந்து வீட்டிற்கு எடுத்துச் செல்வர். முதல்நாளிலிருந்தே அடுப்படியில் வெந்த பெண்டிரோ பின்கட்டிலேயே இருப்பர். பொதி வீடு சேர்வதால் அவர்களும் குழந்தைகளும் உண்கின்றனர் என்பது உண்மை; எனினும் சமைத்தவரே அவையில் இல்லாத விருந்து நம் மனத்தை உறுத்துகிறது. நம் நாட்டுப் பந்திகளும் இதில் குறைந்தவை அல்ல.

இக்கால விழாக்களில் தலைவர் கத்தியால் கூம்பின் உச்சியை அரிந்து மூத்தவர்க்கோ பெரியவர்க்கோ வழங்குகிறார். உச்சி இறைவனை நோக்கியது, அதனை வெட்டலாகாது, அடியிலிருந்தே அள்ள வேண்டும் என்று மறுப்பாரும் அங்கு உளர். நாம் பின்னவர் கட்சி. நம் வீட்டில் கத்தி இல்லை. சோறு வடித்தவர் முதலில் அமர்ந்து அடிவாரத்தில் அள்ளுவார். ஆளுக்கொரு பக்கம் அள்ள அள்ள, மலை ஒருபுறம் சாயும். குழந்தைகள் அந்தச் சரிவுக்காகவே மூச்சடக்கிக் காத்திருப்பர்.