புகழும் ஓர் அமானிதமே



ஒரு சினிமா நடிகரைப் பற்றி நான் எழுதுவது உங்களிற் சிலருக்கு வியப்பளிக்கலாம். அவரது தொழிலுக்கு நற்சான்று வழங்குவது என் நோக்கமல்ல. அவர் செய்த ஒரு காரியம் நம்மையும் கேள்வி கேட்கிறது, அதனாலேயே எழுதுகிறேன்.

அவுஸ்திரேலிய நடிகர் ஹியூ ஜெக்மன் 2009 ஆம் ஆண்டு வேர்ல்ட் விஷன் தொண்டு நிறுவனத்தின் சார்பில் எத்தியோப்பியா சென்றார். நபித்தோழர்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலமளித்த ஹபஷா தேசம் அது. கோப்பியின் தாயகமும் அதுவே. அங்கே ஓர் ஏழைக் கோப்பி விவசாயியைச் சந்தித்து, அவரோடு சேர்ந்து வேலையும் செய்தார். 2011 இல் நியூயோர்க்கில் ‘லாஃபிங் மேன்’ என்னும் கோப்பிக் கடையை ஆரம்பித்தார். விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்குவதும், தமக்குரிய இலாபத்தை அறப்பணிகளுக்கு வழங்குவதும் அதன் நோக்கம்.

இதனை நியாய வர்த்தகம் என்பர். 2001 ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் கோப்பி விலை படுவீழ்ச்சி அடைந்தபோது, பயிரிட்டவனுக்குச் செலவுகூடத் தேறவில்லை. நியாய வர்த்தக முறையிலோ, சந்தை எவ்வளவு சரிந்தாலும் குறைந்தபட்ச விலையொன்று உறுதி செய்யப்படுகிறது. அத்துடன், ஊர்ப் பொதுத் தேவைகளுக்கென மேலதிகத் தொகையும் கிடைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நியாய விலை கொடுப்பது தர்மமல்ல. அது உழைத்தவனின் ஹக்கு. அளவை நிறுவையில் மோசடி செய்வோரை அல்லாஹுத்தஆலா எச்சரிப்பதற்கென்றே ஸூரதுல் முதஃப்பிஃபீன் ஆரம்பமாகிறது. ஹக்கைக் கொடுத்த பின்னர் கொடுப்பதே ஸதகா.

“இதெல்லாம் விளம்பரத்துக்குத்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். உள்ளத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைத்துச் செய்வது அதனினும் மேல் என்பது ஸூரதுல் பகராவின் 271 ஆம் வசனம் தரும் கருத்து. பிறரைத் தூண்டுமானால் வெளிப்படையும் நன்மையே. ஆனால் ரியா புகுந்துவிட்டால் அமல் அழிந்துவிடும்.

இனி நம்மைப் பார்ப்போம். பள்ளிவாசற் சுவரில் நம் பெயர் பொறித்த கல் பளபளக்கிறது. நமது கடைப் பையனுக்கு மாதச் சம்பளம் உரிய நாளில் கிடைத்ததா? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூலியில் பேரம் பேசினோமா? உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம்.

புகழ் ஓர் அமானிதம். ஊரில் நமக்குள்ள சிறு மதிப்பும் அவ்வாறே. அதனை எதற்குப் பயன்படுத்தினோம் என்று நாளை விசாரிக்கப்படுவோம். உரியவர்க்கு உரியதைக் கொடுக்கும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.